ஒரு வாரம் கழித்து வரும் மிட்டாய்

தமிழ்நாட்டு நண்பர்களிடம் 'தன்முனைப்பு முகாம்' என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்கள் தமிழில் தன்முனைப்பு என்றால் அகந்தை. "ஆணவத்துக்கு எதுக்குய்யா முகாம்?" என்று ஒருவர் கேட்டார். மலேசியாவில் அது மோட்டிவேஷனுக்கான சொல். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் பிறையிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்ப்பள்ளி மண்டபம், கோயில் மண்டபம் என்று எங்காவது ஒரு தன்முனைப்பு முகாம் நடந்துகொண்டேயிருக்கும். மைலோ, நாசி லெமாக், ஒலிபெருக்கி, ஒரு பேச்சாளர்.

அப்படி ஒரு முகாமுக்கு என் அத்தை மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். படிவம் ஐந்து படிக்கிறான். பேச்சாளர் கெட்டிக்காரர், பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். திரையில் ஒரு காணொளி போட்டார். மேசையில் ஒரு மார்ஷ்மெல்லோ, எதிரே ஒரு குழந்தை. பெரியவர் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். சில பிள்ளைகள் காத்திருந்தன, சில லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டன. காத்திருந்த பிள்ளைகள்தான் பிற்பாடு வாழ்க்கையில் ஜெயித்தார்கள், உளவியல் ஆராய்ச்சியே சொல்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. அதான் நாம இன்னும் இங்கேயே இருக்கோம்" என்றார். கைத்தட்டல். பையன் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்திருந்தான்: 'என் பலவீனம் – பொறுமை இல்லை. நம் இனத்தின் பலவீனமும் அதுவே.'

அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு உறுத்தியது. பதினேழு வயதுப் பையன் ஒரு இனத்தின் பலவீனத்தைத் தன் கையெழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான், அதுவும் ஆராய்ச்சியின் பெயரால். அந்த ஆராய்ச்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காணொளியில் வரும் சோதனை வால்டர் மிஷெல் என்ற உளவியலாளருடையது. 1960-களின் இறுதியில் தொடங்கி, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த பிங் மழலையர் பள்ளியில் நடந்தது. பெரும்பாலும் பேராசிரியர்களும் மாணவர்களும் பெற்ற பிள்ளைகள். ஆனால் மிஷெல் இந்தக் கேள்வியை முதலில் கேட்டது அங்கே இல்லை. சுமார் பத்து வருடங்களுக்கு முன்பே, கரீபியக் கடலிலுள்ள டிரினிடாட் தீவில் கேட்டிருக்கிறார். அந்தக் கட்டுரை 1958-இல் வெளிவந்தது.

டிரினிடாடில் அவர் தங்கியிருந்த பகுதியில் இரண்டு சமூகங்கள் அக்கம்பக்கமாக இருந்தன. ஒன்று, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். மற்றொன்று இந்தியர்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னது மிஷெலின் காதில் விழுந்தது. 'அவர்கள் கையில் காசு வந்தால் அன்றே கொண்டாடித் தீர்ப்பார்கள், நாளையைப் பற்றிக் கவலையில்லை' என்று இந்தியர்கள் சொன்னார்கள். 'இவர்கள் காசை மெத்தைக்கு அடியில் பதுக்குவார்கள், வாழவே தெரியாது' என்று கறுப்பினத்தவர்கள் சொன்னார்கள். இதைச் சோதித்துப் பார்க்கலாமென்று, ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பள்ளிப்பிள்ளைகளிடம் இரண்டு மிட்டாய்களைக் காட்டினார். ஒரு காசு மிட்டாய் வேண்டுமென்றால் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். பத்துக் காசு மிட்டாய் வேண்டுமென்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

இந்தியப் பிள்ளைகளில் அதிகம் பேர் காத்திருந்தார்கள்.

ஆம், மண்டபத்தில் கைதட்டிய 'நம்ம ஆளுங்க'தான். இந்தக் கேள்வி உளவியலுக்குள் நுழைந்தபோது, காத்திருப்பதற்கு உதாரணமாக நின்றவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகள். ஆனால் இதில் இனப்பெருமை கொள்ளவும் ஒன்றுமில்லை. மிஷெல் அடுத்ததாக வீட்டு நிலையைப் பார்த்தார். தகப்பன் கூட இல்லாத பிள்ளைகள் கைக்கு எட்டிய மிட்டாயையே அதிகம் எடுத்தார்கள். அப்படிப்பட்ட வீடுகள் கறுப்பினப் பிள்ளைகளிடையே அதிகம். அதைக் கணக்கில் எடுத்ததும் இனவேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மிட்டாயோடு வருவேன் என்று முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் சொல்கிறார். அவர் வருவார் என்று ஏன் நம்ப வேண்டும்? சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஆண்களை அந்தப் பிள்ளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறது? ஆரம்பத்திலிருந்தே சோதனைக்குள் இருந்த கேள்வி இது.

டிரினிடாடுக்கு 1845-இலிருந்து 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்திலிருந்து, சிலர் மதராஸிலிருந்து. எல்லாம் கரும்புக்காக. கிட்டத்தட்ட அதே காலத்தில், அதே பயிருக்காக, நாகப்பட்டினம் வழியாகத் தமிழர்கள் வந்து இறங்கிய இடம் இது, செபராங் பிறை. அன்று அதன் பெயர் வெல்லஸ்லி மாகாணம். இன்று பிறை என்றால் தொழிற்பேட்டை, ரயில், கொள்கலன் லாரிகள். ஆற்றோரத்தில் 1960-களிலிருந்து ஒரு சீனி ஆலையும் இருக்கிறது. சீனி ஆலையைப் பார்க்கும் யாருக்கும் இந்த மண்ணில் ஒருகாலத்தில் கரும்பே விளைந்தது ஞாபகத்துக்கு வருவதில்லை. ரப்பர் வருவதற்கு ரொம்ப முன்பே, 1840-களிலிருந்து, இங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. இப்போது மேம்பாலத்துக்கு அப்பால் புதிய நகரமாக மினுக்கும் பத்து காவானும் அப்படிப்பட்ட தோட்டம்தான்.

அந்தத் தோட்டங்களில் காத்திருப்பு என்றால் என்ன? கப்பல் செலவு கடன். இறங்கியதும் கொடுத்த சாமான் கடன். கடன் தீர்கிறவரை உழைக்க வேண்டும். நடுவில் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. கையெழுத்து வைக்கும்போது சொன்ன கூலி ஒன்று, பிடித்தம் போகக் கையில் வந்தது வேறு. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை நின்றது. அதற்குப் பிறகு கங்காணி முறைதான். சொந்த ஊர்க்காரரே வந்து, 'பால்மரக் காட்டில் காசு காய்க்குது' என்று அழைத்து வந்தார். ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று 1920-களின் இறுதியில் வைத்த கூலி, உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் வெட்டப்பட்டது. ஆயிரமாயிரம் பேரைத் திரும்பக் கப்பலேற்றினார்கள். கூலித் தகராறு தீராததால் 1938-இல் இந்திய அரசாங்கமே இங்கே ஆளனுப்புவதை நிறுத்திவிட்டது.

காத்திருக்கத் தெரியாத சனம் என்று இவர்களைச் சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். மூன்று தலைமுறை காத்திருந்தார்கள். வருவேன் என்றவர்தான் மிட்டாயோடு வரவில்லை.

தன்முனைப்பு முகாம்களின் இன்னொரு மூதாதையர் டேவிட் மெக்கிளெலண்ட். ஹார்வர்ட் பேராசிரியர். 'சாதிக்கும் வேட்கை' என்ற ஒன்று மனிதர்களிடம் இருக்கிறது, அதை அளக்கலாம் என்றார். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார். கதையில் வருகிறவர்கள் ஒரு வேலையை இன்னும் நன்றாகச் செய்ய நினைக்கிறார்களா, தடைகளைத் தாண்டத் திட்டம் போடுகிறார்களா என்று எண்ணிப் பார்ப்பார். 1961-இல் வெளிவந்த புத்தகத்தில், நாடுகளின் பள்ளிப் பாடக்கதைகளைக்கூட இப்படி எண்ணி, எந்தக் கதைகளில் வேட்கை அதிகமோ அந்த நாடு பிறகு வளர்ந்தது என்று வாதிட்டார். பாடப்புத்தகக் கதைகளை வைத்து ஒரு தேசத்தின் பொருளாதாரத்தைச் சொல்ல முடியும் என்பதை இலக்கிய வாசகனாக நான் ஆசையோடு நம்பப் பார்த்தேன், முடியவில்லை. ஆனாலும் அவர் வெறும் பேச்சாளர் இல்லை. சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர்.

சோதித்த இடம் தென்னிந்தியா. 1960-களின் நடுவில் அவரும் டேவிட் விண்டரும் ஆந்திராவின் காக்கிநாடாவிலும் நம்முடைய வேலூரிலும் சிறு வியாபாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் பத்து நாள் வகுப்பு நடத்தினார்கள். ராஜமுந்திரி வியாபாரிகளுக்கு வகுப்பு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள். வகுப்பில் கதை எழுதினார்கள். வளையத்தை எறிந்து குச்சியில் மாட்டும் விளையாட்டும் உண்டு. எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை ஆடுகிறவரே முடிவு செய்ய வேண்டும். ரொம்பக் கிட்டே நின்றால் சவால் இல்லை, ரொம்ப எட்டி நின்றால் அது சூதாட்டம். நடுவில் நிற்கப் பழகுவதுதான் பாடம்.

ஓரிரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பயிற்சி எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சுறுசுறுப்பாகப் புதுத்தொழில் தொடங்கியிருந்தார்கள், முதலீடு செய்திருந்தார்கள், ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஆக, பயிற்சி வேலை செய்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1969-இல் வந்த அவர்களுடைய புத்தகத்திலேயே இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது, மேடைகளில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பயிற்சி பலன் தந்தது முக்கியமாகச் சொந்த நிறுவனத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு. கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம் இருந்ததோ அவரிடம் வேட்கை தொழிலாக மாறியது. அண்ணன் கடையில், அப்பா கடையில், பிறர் சொல்லுக்குக் கீழே நின்றவருக்கு அதே பத்து நாள் வகுப்பு அவ்வளவு பலன் தரவில்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தோட்டத்துப் பேச்சில் ஒரு வாக்கியம் உண்டு: "தொரை சொன்னா சரி." லயத்து வீடு தோட்டத்துடையது, ஆயாக்கொட்டகை தோட்டத்துடையது, பள்ளிக்கூடம் தோட்டத்துடையது. காலையில் எத்தனை மணிக்கு எழுவது என்பதைக்கூடத் தண்டல் முடிவு செய்தார். வளையத்தை எங்கே நின்று எறிவது என்று கேட்க அங்கே யாருமில்லை.

இதே கேள்வி, மனம் மாறினால் வாழ்க்கை மாறுமா என்ற கேள்வி, அந்த வருடங்களில் மலேசியாவில் கொள்கையாகவே வந்தது. ஆனால் முதலில் அது கேட்கப்பட்டது தமிழரிடம் அல்ல, மலாய்க்காரரிடம். 1969 மே 13 கலவரம் முடிந்து நாடு திகைத்து நின்ற நேரம். 1970-இல் மகாதீரின் 'மலாய்க்காரரின் இக்கட்டு' வந்தது. 1971-இல் அம்னோ இளைஞர் பிரிவு 'ரெவொலுசி மெந்தால்', அதாவது மனப்புரட்சி, என்ற நூலைக் கொண்டுவந்தது. தொகுத்தவர் செனு அப்துல் ரஹ்மான். மலாய்க்காரர்களிடம் முனைப்பு இல்லை, நேரத்தின் அருமை தெரியவில்லை, துணிவு இல்லை என்று நீளமாகப் பட்டியலிட்டு, மனத்தை மாற்றினால் முன்னேறலாம் என்றது.

இதற்குப் பதில் சொன்னவருக்குப் பினாங்கோடு தொடர்பு உண்டு. சையத் ஹுசைன் அலாத்தாஸ். 1968-இல் தொடங்கப்பட்ட கெராக்கான் கட்சியின் நிறுவனர்களில் ஒருவர். அடுத்த வருடமே அந்தக் கட்சி பினாங்கு மாநில ஆட்சியைப் பிடித்தது. அரசியலைவிட அவர் நிலைத்தது 1977-இல் எழுதிய 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' நூலால். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி மலாய்க்காரனைச் சோம்பேறி என்றது ஏன்? தோட்டத்துக்கு வேலைக்கு வர மறுத்ததால். அவனோ தன் வயலில் உழைத்தான், கடலில் உழைத்தான். அந்த உழைப்பு கணக்கில் வரவில்லை. முதலாளிக்குப் பயன்பட்டால் உழைப்பாளி, பயன்படாவிட்டால் சோம்பேறி. இந்தக் காலனிய அவதூறைத்தான் 'ரெவொலுசி மெந்தால்' சொந்தக் குரலில் திரும்பச் சொல்கிறது என்று ஒரு அத்தியாயமே எழுதினார்.

தமிழ் வாசகர்கள் இந்நூலைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாததென்று ஒதுக்கிவிடக் கூடாது. அதே முதலாளி தமிழனைச் சோம்பேறி என்று சொல்லவில்லை, அடக்கமானவன் என்றான். சொன்னதைச் செய்வான், குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வான் என்று பாராட்டினான். ஐம்பது வருடம் கழித்து மண்டபத்து மேடையில் அதே அடக்கம் 'முனைப்பின்மை' என்று பெயர் மாறி வருகிறது. ஒரு தலைமுறையிடம் கேட்டு வாங்கிய குணத்தை அடுத்த தலைமுறையிடம் நோய் என்று காட்டுகிறார்கள்.

1967-இல் பென்சில்வேனியாவில் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் பல சமயம் முயலாமல் படுத்துவிட்டன. 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே செலிக்மேன்தான் 1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்து நேர்மறை உளவியல் என்ற துறையைக் கிளப்பிவிட்டவர். இன்றைய மகிழ்ச்சிப் பயிற்சிகளில் பெரும்பகுதிக்கு அவர்தான் மூலவர். 2016-இல் இருவரும் சேர்ந்து தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுவதில்லை, நீண்ட துன்பத்துக்கு மூளையின் இயல்பான பதில் அது. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு எதிரானதுதான், 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்ற உணர்வு. அதற்கு உண்மையிலேயே கையில் ஏதோ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மேடைப் பேச்சாளர்களையும் முன்னேற்ற நூல்களையும் கேலி செய்ய இதை எழுதவில்லை. தொண்டியைச் சேர்ந்த அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி', எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' போன்ற புத்தகங்கள் அட்டை கிழிந்து கைமாறிக்கொண்டிருந்த வீடுகளிலிருந்துதான் நானும் வந்தேன். துரையும் தண்டலும் தவிர யாரும் வாழ்க்கையைப் பற்றிப் பேசாத இடத்தில், 'உன்னால் முடியும்' என்று ஒரு அச்செழுத்து சொல்வது சின்ன விஷயமில்லை. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளராக இருந்த தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தைப் பாருங்கள். பிரார்த்தனை, உறுதிமொழி, கல்வி யாத்திரை எல்லாம் உண்டு. ஆனால் அத்தோடு வாராவாரம் வகுப்பு நடக்கிறது. பல்கலைக்கழகம் போன அண்ணன்களும் அக்காக்களும் வந்து கணக்குச் சொல்லித் தருகிறார்கள். வருவேன் என்ற சனிக்கிழமை வந்துவிடுகிறார்கள். உறுதிமொழியைவிட அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அரசியலிலும் இப்படி ஒன்று நடந்தது. உதயமூர்த்தி 1988-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இயக்கத்துக்கு 'மக்கள் சக்தி' என்று பெயர். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருக்களில், கண்ணீர்ப்புகைக்கு நடுவில், ஹிண்ட்ராஃப் பேரணியில் எழுந்த முழக்கமும் அதே இரண்டு சொற்கள். அடுத்த மார்ச் தேர்தலில் பிறை சட்டமன்றத் தொகுதியில் வென்றவர் பேராசிரியர் பி. இராமசாமி, தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்து நூல் எழுதியவர். அதற்குப் பிறகு நடந்த ஏற்ற இறக்கங்கள் வேறு கதை. பொறுமை இல்லாத இனம் என்று நோட்டில் எழுதிக்கொள்கிற பையனுக்கு, பொறுமை தீர்ந்த ஒரு நாளில் இந்த ஊரில் என்ன மாறியது என்பதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

மார்ஷ்மெல்லோவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவைக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். நான்கு வயதில் காத்திருந்ததற்கும் பதினைந்து வயதுப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் இருந்ததில் பாதிதான். குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்தது. அதற்கு முன்னரே, 2013-இல், செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் வேறொன்று செய்திருந்தார்கள். மார்ஷ்மெல்லோவுக்கு முன்னால் பிள்ளைகளிடம், 'பொறு, நல்ல கலர் பென்சில் கொண்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் 'மன்னிச்சுக்கோ, இல்லை' என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதன் பிறகுதான் மார்ஷ்மெல்லோ. சொன்னபடி பென்சில் கிடைத்த பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம்.

மலேசியச் சட்டப் புத்தகத்தில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது: கூட்டு. 'ரெவொலுசி மெந்தால்' வந்த அதே 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஒரு தொழிலாக நடத்தக் கூடாது என்று சொல்லும் சட்டம். ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், சட்டத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனாலும் தோட்டத்து லயங்களிலும், பிறகு பிறை தொழிற்பேட்டைத் தொழிற்சாலைகளின் சாப்பாட்டு மேசைகளிலும், பெண்கள் கூட்டுப் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. தலைவி இரண்டு வீடு தள்ளி இருப்பவள், அவளுடைய பிள்ளைக்குக் காது குத்தியபோது கூட நின்றவர்கள் போடும் காசு.

அம்மா இரவு ஷிஃப்ட்டில் இருந்த காலத்தில் பத்துப் பேர் சேர்ந்து போட்ட கூட்டு அது. அவசரமுள்ளவர்கள் முதல் மாதத்துக்குச் சண்டை போடுவார்கள். அம்மா எப்போதும் பத்தாவது மாதத்தைக் கேட்டு வாங்குவார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம் பத்தாவது மாதம் ஜூன். தலைவி அக்கா ஷிஃப்ட் முடிந்து, சீருடையோடு, மோட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ரப்பர் வளையம் போட்ட வெள்ளித்தாள்களை மேசையில் வைத்து, "எண்ணிப் பாத்துக்க அக்கா" என்றார். அம்மா எண்ணவில்லை, டீ போடப் போய்விட்டார்.